கேட்டால் அழுத்து

எங்கள் பங்குக் கோவிலில் உட்கார்ந்துகொண்டே, அங்கே நடக்கிற பூசையைப் போனில் கேட்டுவந்த ஒரே ஆள் நான்தான். கேள்விப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மயிலாப்பூரில் இருக்கிற பழைய, உயரமான கோவில் அது. ஃபாதர் மைக்கில் ஒரு சொல் சொன்னால் அது கூரை வரைக்கும் போய், நான்கு சுவரிலும் முட்டிக்கொண்டு, களைத்துப்போய்த்தான் கீழே இறங்கும். நல்ல காது உள்ளவர்களே பிரசங்கத்தில் பாதியை ஊகித்துக்கொள்கிறார்கள். எனக்கு இருந்தது வலது காது ஒன்று, அதுவும் மிஷின் மாட்டினால்தான். இடது காது சின்ன வயதிலேயே கைகழுவிவிட்டது.

கண்ணைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுவில் குழப்பம் வேண்டாம். பிறக்கும்போதே காது மந்தம். பள்ளிக்கூடம் போகிற வயதில் இருட்டினால் கண் தெரியாமல் போயிற்று. அப்புறம் வருடா வருடம் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுக்கு வந்து, நாற்பத்தைந்து வயதில் அதுவும் அடைத்துக்கொண்டது. அதுவரை நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஒரு பையனின் காலை மிதித்துவிட்ட நாளோடு வேலையை விட்டேன்.

வீட்டில் முடங்கிக் கிடந்த என்னை எழுப்பி உட்கார வைத்தது ஒரு போன். என் கணவர் தி. நகரில் வாங்கி வந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற என் பழைய தோழி ஒருத்தி அதைக் கையாளச் சொல்லிக்கொடுத்தாள். எதைத் தொட்டாலும் தன் பெயரைச் சொல்லும். இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினால் பாட்டு ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். சத்தம் வெளியே வராமல், கம்பியில்லாமல், நேராகக் காது மிஷினுக்குள் வந்து இறங்கும். கூடவே ஒரு பிரெயில் பெட்டி. சின்னச் சின்ன முட்கள் வரிசையாக எழும்பி, போனில் இருக்கிற எழுத்தையெல்லாம் என் விரலுக்குக் கீழே கொண்டுவரும். புத்தகத்துக்குப் பெட்டி, மற்ற எல்லாவற்றுக்கும் காது. கிரிக்கெட் வர்ணனை, சமையல், செய்தி, சீரியல் என்று ஒன்றையும் விட்டதில்லை. திரையை அணைத்தே வைத்திருப்பேன், எனக்கு எதற்கு வெளிச்சம்? ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் தோளைத் தட்டி, "இன்னாமா, போன் ஆஃப் ஆயிக்கீது, நீ பாட்டுக்குத் தடவிக்கினு கீறியே" என்றாள். அவள் குரலில் இருந்த பரிதாபத்துக்காகவே நான் இன்னும் கொஞ்சம் தடவினேன்.

சீரியலைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் சீரியலுக்குக் கண் வேண்டியதே இல்லை. ஒருத்தி அழுவாள், ஒருத்தி திட்டுவாள், நடுவில் இடி இடிக்கும். இடி இடித்தால் யாரோ யாரையோ முறைக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கும் எனக்கும் ஒரே சீரியல். அவள் சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்து ஓரம் பிறந்து வளர்ந்தவள். குடிசையை எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டதால், இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். முந்தின இரவே பார்த்துவிட்டு வந்துவிடுவாள். காலையில் நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் அவளுக்குப் பொறுக்காது. "டீச்சர், இன்னிக்கு அந்த மாமியாக்காரி நல்லா மாட்டிக்கினா" என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து போட்டு உடைத்துவிடுவாள். நான் கத்துவேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மிஷினில் கொஞ்சம் கரகரப்பாக வரும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள். காலையிலிருந்தே வலது காது அடைத்த மாதிரி இருந்தது. சளி என்று நினைத்தேன். சாயங்காலப் பூசைக்குப் போனோம். எங்கள் கோவிலில் இன்னும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். என்னைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டுக் கணவர் எதிர்ப்பக்கம் போனார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காகப் பூசையை நேரலையாகப் போடுகிறார்கள். அதைத்தான் நான் போனில் வைத்துக் கேட்பேன். ஒரே தொல்லை, அது கொஞ்சம் பின்தங்கி வரும். எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்த பிறகு எனக்கு 'எழுந்து நிற்போம்' என்று வரும். அதனால் பெஞ்சின் ஆட்டத்தை வைத்து எழுந்துகொள்வேன். ஆமென் மட்டும் நான் தனியாகச் சொல்வேன்.

பிரசங்கத்தின் நடுவில் ஃபாதர் நின்றுபோனார். பாதி வாக்கியம்தான் வந்தது, மீதி வரவில்லை. நெட் போயிருக்கும் என்று காத்திருந்தேன். பிறகு மிஷின் மேல் சந்தேகம் வந்தது. அதன் பின்னால் பேட்டரி போடுகிற குட்டிக் கதவு உண்டு. அதைத் திறந்து மூடினால் மிஷின் அணைந்து மறுபடி உயிர் பெறும். திறந்து மூடினேன். ஒன்றும் இல்லை. கைப்பைக்குள் விரலை விட்டுப் போனை இரண்டு தட்டு தட்டினேன், சத்தத்தை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். பெஞ்சு ஆடியது. எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாவின் கை, மெல்லிய வளையல்கள். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அதற்குள் அது வந்துவிட்டதா என்று நினைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, "சமாதானம், சமாதானம்" என்று சிரித்தேன். அவள் உதறிவிட்டு மறுபடி பிடித்தாள். என்ன பாசம் என்று நினைத்து இன்னும் நன்றாகச் சிரித்தேன். அந்தப் பக்கம் இருந்தவளுக்கும் கையை நீட்டினேன்.

பிறகு என் கணவரின் கை வந்தது. கல்யாணமான நாள் முதல் பூசை நடுவில் பெண்கள் பக்கம் அடி எடுத்து வைக்காத மனிதர். சத்தமான இடங்களில் எப்போதும் செய்கிற மாதிரி என் உள்ளங்கையில், ஆனால் வேகமாக எழுதினார்: போன். நிறுத்து.

வெளியே வந்ததும் அவர் எழுதியதிலிருந்து தெரிந்தது இதுதான். நான் மிஷினின் கதவைத் திறந்ததும், போன் இனி காதுக்குப் போக வழியில்லை என்று தன் வாயாலேயே பேச ஆரம்பித்துவிட்டது. நான் தட்டிய தட்டில் பூசை போய் முந்தின நாள் சீரியல் வந்துவிட்டது. சத்தத்தை முழுசாக ஏற்றியதும் நான்தான். ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்க, கோவிலே மூச்சை அடக்கி முழங்காலில் இருக்க, என் கைப்பைக்குள்ளிருந்து ஒரு மாமியார், "எம்புள்ளைய மயக்கினவ நீதானடி" என்று கத்தியிருக்கிறாள். நான் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆட்டோவில் ஏறியதிலிருந்தே சிரித்தேன். வயிறு வலித்தது. கணவர் கையைப் பிடித்து, "அந்தம்மா மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் என் கையை விரித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எழுதினார்: மிஷின் ஆனில் இருந்துதா?

இருந்தது. கதவைத் திறந்ததும் நான்தானே மூடினேன். அப்படியானால் மடியில் இருந்த பைக்குள் ஒரு பொம்பளை தொண்டை கிழியக் கத்தியபோது எனக்கு ஏன் கேட்கவில்லை? இதை அவர் கோவிலிலேயே யோசித்திருக்கிறார். எனக்கு ஆட்டோ லஸ் திருப்பத்தில் குலுங்கியபோதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து புது பேட்டரி போட்டோம். போனை மிஷினோடு மறுபடி சேர்த்தோம். பிரெயில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஓடுகிறது என்று பெட்டி சொன்னது. ஒலி நூறு சதவீதம் என்று சொன்னது. என் தலைக்குள் ஒன்றும் இல்லை. போனில் ஏதோ புது அப்டேட் வந்ததே, அதனால்தான் என்றேன். மழையில் மிஷின் நனைந்திருக்கும் என்றேன். அவர் மிஷினை என் காதிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பிறகு கை வந்தது. தன் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

எனக்குக் கேக்குது, என்று எழுதினார்.

கண் போனபோது நான் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டே போனது. காது சொல்லாமல் போயிற்று. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த நாற்காலிக்கு அப்பால் அறை இருக்கிறதா, அறைக்கு அப்பால் தெரு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "விட்டுட்டுப் போகாதீங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்களாம், அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அடையாறில் காது டாக்டர். மாத்திரைகள், காதுக்குள்ளேயே ஒரு ஊசி. ஊசி இறங்கியபோது உலகமே வலது பக்கமாகச் சரிந்தது. டாக்டர் சொன்னதைக் கணவர் சுருக்கி எழுதினார்: திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பார்க்கலாம். என்னிடம் வந்து பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை, அதில் தெரிந்துவிடும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி எழுதவே எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அவர் கடைக்குப் போனால் கதவு மூடியதைக் கால் வழியாகத்தான் உணர்வேன். அப்புறம் எதுவும் இல்லை. அவர் வந்துவிட்டாரா, வேறு யாராவது வந்துவிட்டார்களா, நான் தனியாக இருக்கிறேனா, யாரோ எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று எதுவும் தெரியாது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பின்னாலிருந்து மட்டும் யாரும் வர முடியாதே. எங்கள் பகுதியில் மெட்ரோவுக்காகப் பூமிக்கடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தரை நடுங்கும். ஒவ்வொரு தடவையும் காது வந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன். வந்தது காது இல்லை, மெட்ரோ.

ஒரு நாள் வேலைக்காரப் பெண் வந்து தோளைத் தொட்டாள். நான் அலறியிருக்கிறேன், அவள் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது காலில் தெரிந்தது. அதன் பிறகு வந்ததும் தன் கண்ணாடி வளையலை என் கைக்குள் கொடுப்பாள். நான் தடவிப் பார்த்து, அவள்தான் என்று தலையாட்டுவேன்.

அவளும் என் உள்ளங்கையில் எழுதினாள். என் கணவர் தந்தி அடிக்கிற மாதிரி எழுதுவார். மனிதர் வாயைத் திறந்து பேசுவதே குறைச்சல், எழுத வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். அவளோ தான் பேசுகிறபடியே எழுதுவாள். 'இன்னா டீச்சர் சாப்டியா' என்று ஒவ்வொரு எழுத்தாக, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து எழுதுவாள். சீரியல் கதையும் சொன்னாள். ஆனால் அழுகையெல்லாம் அவளுக்கு எழுத நேரமில்லை. அடி விழுந்ததை மட்டும்தான் எழுதுவாள். 'அறஞ்சா.' அவ்வளவுதான் அன்றைய சீரியல். யார் யாரை என்று கேட்டால், 'அத்த அப்பால சொல்றேன், அடுப்புல பால் கீது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள்.

போனை ஒரு பித்தளைச் சொம்புக்குள் போட்டு, சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முழுச் சத்தத்தில் வைத்தால் சொம்பு நடுங்கும். ஆண் குரலுக்கு அடிப்பக்கம் நடுங்கும், இடி இடித்தால் மொத்தமும் அதிரும். சொல் மட்டும் வராது. வேகவைத்த சோற்றின் ஆவியைப் பிடித்து வயிறு நிறையுமா? ஆனாலும் பிடித்துக்கொண்டேயிருந்தேன். கீழே வைத்தால் அதுவும் போய்விடும் என்ற பயம்.

என் தோழி வந்தாள். கணவர் வழியாக எழுதினாள்: வீடியோவில் பேசுகிறதையெல்லாம் எழுத்தாக மாற்றிப் பிரெயில் பெட்டிக்கு அனுப்ப முடியும், ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும், கண்ணும் காதும் இல்லாத எத்தனையோ பேர் அப்படித்தான் படம் பார்க்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அந்த எத்தனையோ பேர்ல நான் இன்னும் சேரல" என்றேன். அவள் கை என் கையை விட்டு விலகியது. வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் ரோஷம் இல்லை, பயம். அந்த அமைப்பை மாற்றிவிட்டால் காது போய்விட்டதை நானே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். காதுக்கு அது தெரிந்துவிடும், அப்புறம் அது ஏன் திரும்பி வரப்போகிறது? பைத்தியக்காரத்தனம்தான். அந்த நாட்களில் எனக்கு இருந்த தெளிவு அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு நாள் நெருங்கியபோது ஒன்று நடந்தது. காலையில் படுக்கையில் இருக்கும்போது குக்கர் விசில் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். மறுபடி கேட்டது. அடுத்த நாள் குளிக்கும்போது சீரியலின் பாட்டு, ரொம்ப தூரத்திலிருந்து, ஒரு வரி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும். நல்லது நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வேதம். அதுவரை கணவர்தான் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துவந்தார், அன்று நானே கேட்டு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். ஏன் என்று அவர் எழுதிக் கேட்டார். "பசிக்குது" என்றேன்.

பரிசோதனை அறை அடையாறு கிளினிக்கில் மாடியில் இருந்தது. சத்தம் புகாத சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி. யாரோ ஒரு பெண் என் தலையில் கனமான ஹெட்போனை மாட்டினாள், கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். கணவர் உள்ளே வந்து விதியை எழுதினார்: கேட்டா அழுத்து. எவ்வளவு மெல்லமாக் கேட்டாலும் அழுத்து. பிறகு கதவு மூடியது, காற்று நின்றது, நான் தனியாக இருந்தேன்.

அந்த மெத்தைச் சுவருக்குள் என்னை மறந்துவிட்டுப் போய்விட்டால் எனக்கு எப்படித் தெரியும்? கத்தினால் வெளியே கேட்குமா? அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தினேன். ஜெபத்தில் கவனம் போய்ச் சத்தத்தை விட்டுவிட்டால்?

கேட்டது. மெல்லிசாக, விசில் மாதிரி. அழுத்தினேன். சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று, இது கொஞ்சம் தடித்த சத்தம். அழுத்தினேன். பிறகு மூன்றாவது, நான்காவது. ஒன்றைக்கூட விடவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடுவது தெரிந்தது, துடைக்கவில்லை, கையை எடுத்தால் பட்டன் தவறிவிடும். முதலில் ஃபாதரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், தோழியைக் கூப்பிட வேண்டும், அந்தச் சொம்பை அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும் என்று மனசு எங்கேயோ ஓடியது. மறுபடி விசில். அழுத்தினேன்.

முகத்தில் காற்று பட்டது. கதவு திறந்திருந்தது. கணவரின் கை என் கையைத் தேடி வந்தது.

"கேட்டுச்சுங்க" என்றேன். "நிறைய கேட்டுச்சு. ஒண்ணுகூட விடல. வெளியே அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் விரல் ஈரமாக இருந்தது. அப்புறம் எழுதினார். ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல், முழு வாக்கியமாக எழுதினார்:

அந்தப் பொண்ணு இன்னும் டெஸ்ட் மிஷினையே போடலம்மா.

அதற்கு மேல் அவர் எழுத வந்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். "அப்ப போடச் சொல்லுங்க" என்றேன்.

கதவு மூடியது. பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது தானாக அழுந்திவிடுமோ என்று பயமாக இருந்தது. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அழுத்தவில்லை.